சி டிரைவ் நிரம்பிவிட்டதா? தற்காலிக ஃபைல்களில் எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது

கம்ப்யூட்டரில் என்ன தொல்லை என்று சொன்னாலும் ‘டெம்ப் ஃபைல்களை அழித்துப் பார்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். டெம்ப் ஃபைல் என்பது மென்பொருள்கள் வேலைக்கு நடுவே எழுதி வைக்கும் தற்காலிக ஃபைல். சில நேரம் அது கைகொடுக்கும், பல நேரம் அதற்கும் உங்கள் தொல்லைக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால்தான் கம்ப்யூட்டர் என்ன அறிகுறி காட்டுகிறது என்பதை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேராக அங்கே போய்விடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், அழித்து முடித்த பிறகு அவற்றைப் படித்துப் பயனில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியது இது. மேக், லினக்ஸ் பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

உங்கள் சொந்த வேலை அங்கே கிடக்கிறதா?

மெயிலில் வந்த ஃபைலை எங்கும் சேமிக்காமல் அப்படியே தட்டித் திறந்தாலோ, ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் அதற்குள்ளிருந்தே ஒன்றைத் திறந்தாலோ, உங்கள் கண்முன் இருப்பது பெரும்பாலும் ஒரு தற்காலிக நகல்தான். சில மென்பொருள்கள் அதைத் திருத்த விடாது, ‘வேறு இடத்தில் சேமி’ என்று கேட்கும். சில விட்டுவிடும். விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

என் தம்பி ஒருமுறை மெயில் மென்பொருளிலிருந்தே ஒரு வேர்டு ஃபைலைத் திறந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்தி, நடுநடுவே ஒழுங்காக கன்ட்ரோல் எஸ் தட்டிச் சேமித்து, மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அன்றிரவே நான் அந்தக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று தற்காலிக ஃபைல்களை மொத்தமாக அழித்தேன். காலையில் அவன் மெயிலைத் திறந்தால் திருத்தாத பழைய ஃபைல் மட்டும் இருக்கிறது. அவன் தவறாக எதையும் செய்யவில்லை, சேமித்தேன் என்று அவன் சொன்னது உண்மை. சேமித்த இடம்தான் டெம்ப் ஃபோல்டர். அன்றிலிருந்து யாருடைய கம்ப்யூட்டரில் கை வைத்தாலும், ‘இரண்டு மூன்று நாளில் மெயிலிலிருந்து எதையாவது திறந்து வேலை செய்தீர்களா?’ என்று கேட்காமல் நான் எதையும் அழிப்பதில்லை.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். வேர்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓபன், அதில் ரீசன்ட் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் கீழே அது இருக்கும் இடம் எழுதியிருக்கும். அந்தப் பாதையில் டெம்ப் என்றோ ஆப்டேட்டா என்றோ இருந்தால் உடனே திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எக்செல், பவர்பாயின்ட் இரண்டிலும் இதே வழிதான். கரன்ட் போய் சேமிக்காமல் நின்றுபோன ஃபைல் ஏதாவது இருந்தால், ஃபைல் மெனுவில் இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் வரை போய் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள்

புதிதாக ஒரு மென்பொருளை நிறுவும்போது, சில வேலைகளை அடுத்த முறை கம்ப்யூட்டர் கிளம்பும்போது முடித்துக்கொள்ளலாம் என்று நிறுவி தன் ஃபைல்களை டெம்ப் ஃபோல்டரில் வைத்துவிட்டுக் காத்திருக்கும். அதை நடுவில் அழித்தால் நிறுவல் அரைகுறையாக நிற்கும். அதனால் அழிப்பதற்கு முன் ஒரு ரீஸ்டார்ட் அவசியம். ஷட் டவுன் செய்து ஆன் செய்வதும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை, அப்போதிருந்த நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி அதிலிருந்தே எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் முதலிலிருந்து தொடங்கும். ரீஸ்டார்ட் ஆனதும் வேறு எதையும் திறக்காமல் கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

‘சி டிரைவ் பட்டை சிவப்பாகிவிட்டது, இடம் இல்லை என்கிறது’

பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இடம் மிஞ்சும்போதுதான் அந்தப் பட்டை சிவப்பாகும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகப் போங்கள். கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒரு பட்டியலைக் காட்டும். சில பெட்டிகளில் ஏற்கெனவே டிக் இருக்கும். அப்படியே ரிமூவ் ஃபைல்ஸைத் தட்டிவிடாமல் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

முக்கியமாக டவுன்லோட்ஸ் என்ற வரி. அது தற்காலிகம் அல்ல, நீங்களாக இறக்கி வைத்த எல்லாமும் அதில்தான் இருக்கும். சான்றிதழ் நகல், படிவம், குடும்பப் படம் எல்லாவற்றையும் டவுன்லோட்ஸிலேயே விட்டு வைப்பவர்கள்தான் அதிகம், அதையும் டெம்பரரி ஃபைல்ஸ் என்ற தலைப்பின் கீழே விண்டோஸ் ஏன் காட்டுகிறது என்று எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. அந்தப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேண்டாததை அந்த ஃபோல்டரைத் திறந்து, கண்ணால் பார்த்து, கையால் அழிப்பதே சரி.

ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்று ஒரு வரி, பல ஜிபி அளவோடு இருக்கலாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸை அப்படியே எடுத்து வைத்திருப்பது அது. சாதாரணமாக 10 நாளில் தானாகவே போய்விடும். அதை அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும், எனவே பிரின்டர், ஸ்கேனர், சவுண்ட் எல்லாம் புதியதில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள்.

விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ் இந்த மூன்றையும் தயங்காமல் டிக் செய்யலாம். முதலாவதுதான் பெரும்பாலும் அதிக இடம் திருப்பித் தரும். தம்ப்நெயில்ஸை அழிக்கலாம், ஆனால் படங்களின் சிறு உருவங்களை விண்டோஸ் மறுபடி முதலிலிருந்து செய்யும் என்பதால் படங்கள் நிறைந்த ஃபோல்டர் முதல் தடவை மெதுவாகத் திறக்கும். அதிகம் விளையாடுகிறவர்கள் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் வரியை விட்டுவிடுங்கள், அழித்தால் விளையாட்டு முதல் சில நிமிடம் திக்கித் திக்கி ஓடும்.

‘டெம்ப் ஃபோல்டரை அழித்தால், வேறு மென்பொருள் பயன்படுத்துகிறது என்கிறது’

விண்டோஸ் விசையோடு ஆர் தட்டினால் ரன் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, டெம்ப் என்ற ஆங்கிலச் சொல், மறுபடி சதவீதக் குறி, இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். உங்கள் கணக்குக்குரிய டெம்ப் ஃபோல்டர் திறக்கும். உள்ளே அடைப்புக் குறிக்குள் நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்கள், அலைக் குறியில் தொடங்கும் பெயர்கள், சுழியம் கேபி ஃபைல்கள் என்று என்னென்னவோ இருக்கும். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது சிலவற்றை அழிக்க முடியாது என்று பெட்டி வந்தால், அது கோளாறு அல்ல. அந்த நேரத்தில் ஏதோ ஒரு மென்பொருள் அதைத் திறந்து வைத்திருக்கிறது, விண்டோஸ் அதைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் இதையே செய் என்ற பெட்டியில் டிக் போட்டு ஸ்கிப் கொடுங்கள். கட்டாயப்படுத்தி அழிக்கும் கருவிகளைத் தேடி இறக்க வேண்டாம். மிஞ்சுவது பெரும்பாலும் சில எம்பிதான், அதற்காக மெனக்கெடத் தேவையில்லை.

டிஸ்க் கிளீனப் என்ற பழைய கருவி இதில் இன்னும் கொஞ்சம் நிதானமானது. கடந்த ஒரு வாரத்தில் மாறிய டெம்ப் ஃபைல்களை அது தொடுவதில்லை. நேற்று வேலை செய்த ஃபைல் எங்கே என்று சந்தேகம் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் கையால் அழிப்பதை விட்டுவிட்டு இதைத்தான் ஓட்டுவேன். ஸ்டார்ட்டில் டிஸ்க் கிளீனப் என்று தேடினால் கிடைக்கும்.

‘அழித்தேன், ஆனால் இடம் கூடவே இல்லை’

முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். ஃபோல்டரைத் திறந்து டிலீட் தட்டினால் ஃபைல் அங்கேதான் போய் உட்காரும், அதே டிரைவில், அதே இடத்தை அடைத்துக்கொண்டு. காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

அதுவும் காலியாக இருக்கிறதா? அப்படியானால் இடத்தைத் தின்பது தற்காலிக ஃபைல் அல்ல. அழிப்பதை நிறுத்திவிட்டு எது பெரிது என்று அளந்து பாருங்கள். விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட் என்ற மென்பொருள்கள் இரண்டும் எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும். விஸ்ட்ரீ டிரைவின் ஃபைல் அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளிலேயே முடித்துவிடும். பெரும்பாலும் சிக்குபவை பழைய மொபைல் பேக்கப், மறந்துபோன வீடியோ, வீடியோ எடிட்டிங் மென்பொருள் சேர்த்து வைத்த கேஷ் (மறுபடி வேகமாக எடுப்பதற்காக வைத்துக்கொள்ளும் நகல்கள்), டெலிகிராம் சேர்த்து வைத்த படங்கள். டெலிகிராமுக்கு அதன் செட்டிங்ஸிலேயே லோக்கல் ஸ்டோரேஜ் என்று தனி இடம் உண்டு, அங்கேயே அழிக்கலாம்.

சி டிரைவின் வேரிலேயே ஹைபர்ஃபில் என்ற பெயரில் ஒரு பெரிய ஃபைல் தெரியலாம். கம்ப்யூட்டர் ஆழ்ந்து உறங்கும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் இடம் அது. 16 ஜிபி ரேம் இருந்தால் சுமார் 6 ஜிபி அளவுக்குக்கூட இருக்கும். அதை எக்ஸ்ப்ளோரரில் அழிக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஹைபர்னேட் வசதியே வேண்டாம் என்றால், கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ஹெச், இடைவெளி, ஆஃப் என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், ஃபைல் தானே மறைந்துவிடும். மேஜைக் கம்ப்யூட்டரில் தாராளமாகச் செய்யலாம். லேப்டாப்பில் நான் செய்ய மாட்டேன், பேட்டரி தீரும் நேரத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது அந்த வசதிதான்.

அடுத்தது ரீஸ்டோர் பாயின்ட், ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் எடுத்து வைப்பது. ஸ்டார்ட்டில் கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடி, கான்ஃபிகர் பொத்தானைத் தட்டினால் அதற்கு ஒதுக்கிய இடம் தெரியும். அதைக் குறைத்துக்கொள்ளலாம், முழுதாக அணைக்காதீர்கள்.

‘ஒவ்வொரு முறையும் அழிக்கிறேன், இரண்டு மூன்று நாளில் மறுபடி நிரம்பிவிடுகிறது’

இதுதான் ஆளை அலைக்கழிக்கும் தொல்லை. ஏதோ ஒன்று விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை அழித்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான், இங்கே தலைகீழாக.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள் (இது உங்கள் கணக்கின் டெம்ப் அல்ல, கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவானது). அளவு வாரியாக அடுக்குங்கள். கேப் என்ற பெயரில் தொடங்கி, ஒரு அடிக்கோடு, பிறகு எண்கள் என்று ஒரே மாதிரி ஃபைல்கள், ஒவ்வொன்றும் நூறு எம்பிக்கு மேல், டஜன் கணக்கில் நிற்கின்றனவா? அப்படியானால் காரணம் வேறு ஃபோல்டரில் இருக்கிறது.

விண்டோஸ் தன் உள்பாகங்களைப் பழுதுபார்க்கும்போதும் அப்டேட் செய்யும்போதும் சிபிஎஸ் என்ற பெயரில் ஒரு குறிப்பேட்டை எழுதும். விண்டோஸ், லாக்ஸ், சிபிஎஸ் என்ற ஃபோல்டரில் அது இருக்கும். ஓரளவு வளர்ந்ததும் அதை ஓரமாக எடுத்து வைத்து, சுருக்கிக் கட்டி வைப்பது வழக்கம். ஆனால் அந்தக் குறிப்பேடு 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் சுருக்கும் கருவியால் அதைக் கையாள முடியாது. பாதியில் தோற்று, தான் எழுதிக்கொண்டிருந்த அரைகுறை ஃபைலை டெம்ப் ஃபோல்டரில் விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு மறுபடி முயலும், மறுபடி தோற்கும், இன்னொரு அரைகுறை ஃபைல் சேரும். நீங்கள் டெம்ப்பை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தால் இது நிற்கவே நிற்காது.

சரி செய்ய, ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்பதைக் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டிருந்தால் ஸ்டாப் கொடுங்கள். பிறகு அந்த சிபிஎஸ் ஃபோல்டரில் பெரிதாக நிற்கும் லாக் ஃபைலை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள் அல்லது அழியுங்கள், அதில் இருப்பது வெறும் குறிப்புகள்தான். அப்புறம் டெம்ப்பில் உள்ள கேப் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு ரீஸ்டார்ட். அந்தச் சேவையை நீங்கள் திரும்ப ஓட வைக்க வேண்டியதில்லை, தேவைப்படும்போது விண்டோஸே எழுப்பிக்கொள்ளும்.

கேப் ஃபைல் இல்லாமல் வேறு பெயரில் குவிகிறது என்றால், குவியும் ஃபைல்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வருகிறதா, ஒரு குறிப்பிட்ட மென்பொருளைத் திறக்கும்போது வருகிறதா என்று பார்த்தாலே ஆள் யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த மென்பொருளைப் புதுப்பிப்பதோ நீக்கி மறுபடி நிறுவுவதோதான் மருந்து.

‘அப்டேட் இறங்குகிறது, ஆனால் நிறுவ மாட்டேன் என்கிறது’

பிழை எண் 80070070 என்று முடிந்தால் இடப் பற்றாக்குறை, மேலே சொன்னபடி இடம் செய்துகொடுங்கள். இடம் தாராளமாக இருந்தும் ஒரே அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்றால், இறங்கிய ஃபைல் சிதைந்திருக்க வாய்ப்பு உண்டு. சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட் என்ற ஃபோல்டர் இருக்கும். ஃபோல்டரை விட்டுவிட்டு அதற்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். ஏற்கெனவே நிறுவிய அப்டேட்டுகளுக்கு இதனால் எதுவும் ஆகாது. சேவையை மறுபடி ஸ்டார்ட் செய்து அப்டேட்டைத் தேடச் சொன்னால் புதிதாக இறக்கிக்கொள்ளும்.

‘ஒரு இணையப் பக்கம் மட்டும் பழையதாகவே தெரிகிறது’

இதற்கு விண்டோஸ் டெம்ப்பைத் தொட வேண்டாம். அந்தப் பக்கத்தில் கன்ட்ரோலோடு எஃப்5 தட்டுங்கள், பிரவுசர் சேமித்து வைத்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுத்து வரும். அப்படியும் சரியாகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். வரும் பெட்டியில் கேஷ் செய்த படங்களும் ஃபைல்களும் என்ற வரியில் மட்டும் டிக் இருக்கட்டும். குக்கீஸில் டிக் போட்டால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டு மறுபடி உள்நுழைய வேண்டிவரும். பாஸ்வேர்டு வரியில் டிக் போட்டால் சேமித்த கடவுச்சொற்களே போய்விடும், பிரவுசரில் ஒத்திசைவு இருந்தால் மொபைலிலிருந்தும் போகும். இந்த இரண்டு வரிகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தட்ட வேண்டும்.

‘கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, டெம்ப்பை அழித்தால் வேகமாகுமா?’

டிரைவ் நிரம்பி வழிகிறது என்றால் ஆகும். விண்டோஸுக்கு ரேம் பற்றாதபோது டிஸ்கில் இடம் வேண்டும், எஸ்எஸ்டிக்கும் தன் உள்வேலைக்குக் கொஞ்சம் காலியிடம் வேண்டும். பாதிக்குப் பாதி காலியாக இருக்கும் டிரைவில் இரண்டு ஜிபி டெம்ப்பை அழிப்பதால் வேகம் அதிகரிக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் தட்டி டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நூறு சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மெமரியா, டிஸ்கா, சிபியுவா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எதைத் தொடக் கூடாது

விண்டோஸ் தன் உள்பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பிரமாண்டமாகத் தெரியும். ஒரே ஃபைல் இரண்டு இடத்திலிருந்து சுட்டப்படுவதால் எக்ஸ்ப்ளோரர் அதை இருமுறை எண்ணுகிறது, உண்மையான அளவு அதைவிடக் குறைவு. கையால் அழித்தால் விண்டோஸ் எழாமலே போகலாம். விண்டோஸுக்குள் உள்ள இன்ஸ்டாலர் ஃபோல்டரும் அப்படித்தான், அழித்தால் பிறகு மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் திணறுவீர்கள். ரேம் பற்றாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் பேஜ்ஃபைலையும் விட்டுவிடுங்கள். ப்ரீஃபெட்ச்சை அழிக்கச் சொல்லி நிறைய அறிவுரை வரும், அது மென்பொருள்கள் சீக்கிரம் திறக்க உதவும் சிறிய ஃபோல்டர், விண்டோஸே பார்த்துக்கொள்கிறது.

ஒரே தட்டில் சுத்தம் செய்கிறேன் என்று வரும் கருவிகளும் எனக்கு வேண்டாம். 2017இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே யாரோ தீநிரலைப் புகுத்தி, அது அதிகாரபூர்வமாகவே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. விண்டோஸிலேயே இருக்கும் கருவி போதுமானதாக இருக்கும்போது, கம்ப்யூட்டரின் அத்தனை மூலைக்கும் அனுமதி கேட்கும் இன்னொன்றை உள்ளே விடுவானேன்?

மேக், லினக்ஸ்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ் போனால் எது இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அழித்தும் இடம் கூடவில்லை என்றால் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி அந்த மேக்கின் டிரைவிலேயே எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) காரணமாக இருக்கலாம், இடம் தேவைப்படும்போது அது தானே கரையும். உபுண்டு போன்றவற்றில் ஆப்ட் கிளீன் என்ற கட்டளை இறங்கிய பேக்கேஜ்களை அழிக்கும், வீட்டு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கேஷ் ஃபோல்டரையும் பாருங்கள், பெரும்பகுதி பிரவுசருடையதாக இருக்கும்.

இனி தானாக நடக்க

ஸ்டோரேஜ் பக்கத்திலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆன் செய்து மாதம் ஒருமுறை என்று வையுங்கள். ரீசைக்கிள் பின் 30 நாள். டவுன்லோட்ஸுக்கு மட்டும் கட்டாயம் நெவர். ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் அதன் கீழே உள்ள வரியையும் படியுங்கள், நாள் கணக்கு வைத்தால் நீங்கள் வெகுநாள் திறக்காத ஃபைல்கள் இணையத்தில் மட்டும் இருக்கும்படி மாறிவிடும், நெட் இல்லாத நேரத்தில் திறக்காது. இதை அமைத்து முடித்ததும், அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் மற்றவர்களிடம், மெயிலில் வரும் ஃபைலை முதலில் டாக்குமென்ட்ஸில் சேமித்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.